மாரிசாமியின் பல்பொடியும் மின்னணு மில்லும்

மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையைத் தாண்டிப் போனால், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே மத்திய நுண்பொடி ஆராய்ச்சிக் கழகம் இருந்தது. நாட்டில் யார் எதை அரைத்தாலும் அதைச் சரியாக அரைக்கவில்லை என்று எடுத்துச் சொல்வதற்காக அரசாங்கம் அதை ஏற்படுத்தியிருந்தது. அந்த வேலையை அது குறைவில்லாமல் செய்துவந்தது. தானே எதையாவது அரைத்துக் காட்டும் தவறை மட்டும் அது ஒருநாளும் செய்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த நிம்மதிக்கு ஒரு கேடு வந்தது. கப்பலேறி வந்த ஒரு மின்னணு பால் மில் கழகத்தின் வாசலில் இறங்கியது. பால் என்றால் கறக்கிற பால் இல்லை, குண்டு. படுக்கப்போட்ட பீப்பாய் மாதிரி ஓர் உருளை. அதற்குள் எஃகுக் குண்டுகளையும் அரைக்க வேண்டிய சரக்கையும் போட்டு மூடிச் சுழற்றினால், குண்டுகள் மேலேறி மேலேறி விழுந்து சரக்கை மாவாக்கி, நன்றாகக் கலந்தும் கொடுத்துவிடும். எந்த வேகத்தில் சுற்றுவது, எப்போது நிற்பது, பொடி எவ்வளவு நைசாகியிருக்கிறது என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்த பெட்டி கணக்குப் போட்டுச் சிவப்பு எழுத்தில் காட்டும். மனிதன் செய்ய வேண்டியது ஒரு பொத்தானை அழுத்துவது மட்டும்தான். அந்தப் பொத்தானை எந்தப் பதவியில் இருப்பவர் அழுத்துவது என்று முடிவு செய்வதற்குள் ஒரு தசரா வந்து போய்விட்டது.

மில்லுக்கென்று குளிர்சாதன அறை கட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதிகாரிகள் ஆராய்ச்சிக்காக அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சாயங்காலம் முகத்தில் பாய் அச்சோடு வெளியே வருவார்கள். இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் டெல்லியில் எவனோ வேலையில்லாதவன், மில் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டான். கழகம் கலங்கிப்போய்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. சிறுதொழில் செய்பவர்கள் தங்கள் சரக்கைக் கொண்டுவந்து இலவசமாக அரைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. யாரும் வரமாட்டார்கள் என்கிற நம்பிக்கையில் கொடுத்த விளம்பரம் அது.

மாரிசாமி வந்துவிட்டான்.

மாரிசாமிக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளி. மழை பொய்த்து வயிற்றைக் கழுவ மைசூருக்கு வந்தவன், தேவராஜ மொஹல்லா என்கிற பேட்டையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பல்பொடி செய்து விற்றுக்கொண்டிருந்தான். கடுக்காய், கிராம்பு, படிகாரம், வேலம்பட்டைக் கரி எல்லாவற்றையும் அவன் மனைவி மாரக்காள் உரலில் இடித்துச் சலிப்பாள். வாசனைக்கும் காரத்துக்கும் குறை கிடையாது. நைசு மட்டும் வரவில்லை. பக்கத்து மாவு மில்காரன் அவன் சரக்கை அரைக்கவே மாட்டான். அடுத்து அரைக்கிற ராகியெல்லாம் கிராம்பு நாறும் என்பான்.

அந்த வருஷம் குண்டலுபேட்டை வியாபாரி கணேசன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "மாரிசாமி, உம் பொடி நல்ல பொடிதான். ஆனா பல்லு விளக்குனா ஈறு கீறுதுங்கறாங்க. மைதா மாவாட்டம் நைசாக் குடு. தசராவுக்கு முன்னால வந்து சேந்துதுன்னா, எங்கூர்ல அத்தனை கடைக்கும் உம் பொடிதான். இல்லாட்டி நான் ட்யூப் பேஸ்ட்டு ஏஜென்சிதான் எடுக்கோணும்."

மாரிசாமி கைவசம் இருந்த மூலப்பொருள் எல்லாவற்றையும் மாரக்காளை இடிக்கச் சொல்லி, ஒரு பெரிய மூட்டையாகக் கட்டினான். அவ்வளவுதான் அவன் சொத்து. அது அரைபட்டால் பிழைப்பு, அரைபடாவிட்டால் இல்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நகர பஸ் ஏறி, கழகத்தின் வாசலில் போய் நின்றான்.

பண்டகசாலை அதிகாரி அன்னபூர்ணி மூட்டையைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்.

"இது என்னது?"

"பல்பொடிங்கம்மா. மில்லுல அரைக்கோணுங்க."

"அரைக்கறதெல்லாம் சரி. பொடியை உள்ள எடுத்துண்டு போகக் கூடாதே. போர்டு பார்க்கலையா?"

மில் அறைக்கு வெளியே மூன்று மொழியில் பலகை தொங்கியது. மின்னணுச் சாதனத்தின் பாதுகாப்பை முன்னிட்டு, தூசு, தூள், பொடி எதுவும் இந்த அறைக்குள் அனுமதிக்கப்படாது என்று எழுதியிருந்தது.

"அப்ப எதைங்கம்மா அரைப்பாங்க?" என்று மாரிசாமி கேட்டான். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான்.

"அதைத்தான் ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கோம். மூட்டையை வச்சுட்டுப் போங்க. மாதிரி எடுக்கணும்."

மாதிரி எடுப்பது அந்தக் கழகத்தின் உயிர்மூச்சு. எந்தச் சரக்கு வந்தாலும் அதன் குணம் தெரியாமல் அரைக்கக் கூடாது. குணம் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பிரிவும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். பௌதிகப் பிரிவு ஒரு டப்பா எடுத்தது. ரசாயனப் பிரிவு இரண்டு டப்பா எடுத்தது. கணக்குப் பிரிவுக்கும் பல்பொடிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்கக்கூடியவர்கள் எல்லோரும் கையில் டப்பாவோடு வரிசையில் நின்றார்கள். கார் ஓட்டுபவர் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவந்திருந்தார்.

அடுத்த முறை மாரிசாமி வந்தபோது மூட்டை பாதியாக இறங்கியிருந்தது. கன்னடக்காரரான தொழில்நுட்ப அதிகாரி மஞ்சுநாத் அவனைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தார். முதல் நாள் பார்த்தபோது வெற்றிலைக் கறையோடு இருந்த அவர் பல்லெல்லாம் இப்போது பளபளவென்று மின்னியது. அன்னபூர்ணியின் பல்லும் அப்படித்தான். வாசல் காவலாளி கரியப்பன்கூட அன்று சிரித்துக்கொண்டேதான் கேட்டைத் திறந்தான்.

"சரக்கு கொறைஞ்சிருக்குங்களே சார்" என்றான் மாரிசாமி.

"நோடிரீ மாரிசாமி, எந்தப் பொடியா இருந்தாலும் ப்ராசஸ்ல ஸொல்ப, கொஞ்சம் லாஸ் இருக்கும். அது சயன்ஸ் ரீ."

"இன்னும் அரைக்கவே இல்லீங்களே?"

"அதுதான் சொல்றேன். அரைக்கறதுக்கு முன்னாடியே இவ்வளவு லாஸ்னா, அரைச்சா எவ்வளவு ஆகும்? நீங்களே யோசனை மாடி."

மாரிசாமி யோசித்துப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. படித்தவர்கள் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நம் நாட்டில் இந்த மாதிரிக் கழகங்களெல்லாம் நிற்பது செங்கல்லால் அல்ல, இந்த நினைப்பால்தான்.

அன்று அவனை இயக்குநரிடமே அழைத்துப் போனார்கள். இயக்குநர் ஜகதீசன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த அப்பாவின் பிள்ளை. வாயைக் குவித்து, ஈறை நாக்கால் துழாவிக்கொண்டே பேசினார்.

"உங்க பொடியை நானே பர்சனலா டெஸ்ட் பண்ணிண்டிருக்கேன் மாரிசாமி. காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. கரடு ஜாஸ்திரீ. ஈறெல்லாம் எரியறது. இதை அரைச்சே ஆகணும்ங்கறது என்னோட திடமான அபிப்பிராயம்."

"அதுக்குத்தானுங்க சார் வந்திருக்கறன்."

"பேஷ். நம்ம ரெண்டு பேருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

மீதிப் பாதி வேலைக்கு மஞ்சுநாத்தை மில்லைத் திறக்கச் சொன்னார். மாரிசாமியும் செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பில் பொடி ஒட்டியிருக்கிறதா என்று கரியப்பன் தட்டிப் பார்த்த பிறகு, உள்ளே போனான். மஞ்சுநாத் உருளையின் மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். கையை விட்டுத் துழாவினார். பிறகு மெதுவாக மூடினார்.

"குண்டு இல்ல சார்."

"எந்தக் குண்டு?"

"அரைக்கற குண்டு சார். போன ஆயுதபூஜைல…"

மைசூரில் ஆயுதபூஜைக்கு ஆட்டோ முதல் அலுவலகத் தட்டச்சுப் பொறி வரை எல்லாவற்றுக்கும் மாலை போட்டுக் குங்குமம் வைத்தாக வேண்டும். போன வருஷம் கழகத்தில் புது மில்லுக்குப் பூஜை தடபுடலாக நடந்தது. மின்னணுப் பெட்டிக்குச் சந்தனம் பூசினார்கள். இரண்டு பொத்தான்கள் அப்போது ஒட்டிக்கொண்டவை, இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. எஃகுக் குண்டுகளைப் பெரிய தாம்பாளத்தில் மலையாகக் குவித்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து ஆரத்தி எடுத்தார்கள். பூஜை முடிந்தது. பொரியும் கடலையும் வாழைப்பழமும் விநியோகம் செய்யும்போது, தாம்பாளத்தில் இருந்ததும் பிரசாதம்தானே என்று யாரோ ஆளுக்கொரு குண்டையும் கையில் கொடுத்துவிட்டார்கள். இயக்குநருக்கு அவர் பதவிக்கேற்பப் பெரிய குண்டாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். டெல்லியிலிருந்து வந்திருந்த தணிக்கை அதிகாரி தன் குழந்தைகளுக்கென்று இரண்டு சேர்த்துக் கேட்டு வாங்கிப் போனார்.

சில குண்டுகள் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருந்தன. சில வீட்டுப் பூஜையறைக்குப் போய்ச் சேர்ந்து தினமும் பூ வைத்துக்கொண்டிருந்தன.

"எல்லாத்தையும் திருப்பி வாங்குங்க" என்றார் ஜகதீசன்.

அன்னபூர்ணி காதைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, என்ன சார் பேசறேள்? கொடுத்த பிரசாதத்தைத் திருப்பிக் கேக்கறதா? குடும்பத்துக்கு ஆகுமா? எங்காத்துல அந்தக் குண்டு வந்தப்பறந்தான் பொண்ணுக்கு வரன் திகைஞ்சுது. நான் தரமாட்டேன்."

ஊழியர் சங்கமும் அதே கருத்தில் இருந்தது. சம்பளத்தில் கை வைத்தாலும் பொறுத்துக்கொள்வோம், பிரசாதத்தில் கை வைத்தால் வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். ஜகதீசன் மேஜைமேல் இருந்த தன்னுடைய பெரிய குண்டைப் பார்த்தார். அதை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். விஷயம் அத்தோடு தீர்மானமாகிவிட்டது.

இதற்குள் மில்லைத் தொடங்கி வைக்க மந்திரி ஒருவர் வர ஒப்புக்கொண்டுவிட்டார். தசராவுக்கு முந்தின வாரம் விழா. மாரிசாமி பயனாளி என்கிற பதவிக்கு உயர்ந்தான். மேடையில் அவன் கையில் அரைத்த பொடியைக் கொடுப்பதாக ஏற்பாடு. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. குண்டலுபேட்டைக்கு ஆள் அனுப்பிக் கணேசனையும் விழாவுக்கு வரச்சொன்னான். மாரக்காள் மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்க, நம்ம மூட்டைய நீங்க கண்ணுல பாத்து எத்தன நாளாச்சு?"

"மந்திரியே வாராருன்னா சும்மாவா? எல்லாம் பத்திரமா இருக்கும் புள்ள."

மூட்டை பத்திரமாகத்தான் இருந்தது. சாக்கும் சணலும் அப்படியே இருந்தன. உள்ளே கடைசியாக மிஞ்சியிருந்த இரண்டு படியை, விழாவுக்கு முதல் நாள் பந்தல்காரர்களும் மாதிரி என்று சொல்லி எடுத்துப் போய்விட்டார்கள்.

விழா நாளில் வாழைமரம் கட்டி, நாகசுரம் வைத்து, மந்திரிக்கு மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகை அணிவித்து, அவரை மில் அறைக்கு அழைத்துப் போனார்கள். மந்திரி பொத்தானை அழுத்தினார். சந்தனம் பூசியிருந்ததால் இரண்டாவது தடவை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. குண்டும் இல்லாமல் சரக்கும் இல்லாமல் உருளை விசிறி மாதிரி லேசாகச் சுற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள். சிறிது நேரத்தில் அது தானாக நின்றது. அரைத்தல் முடிந்தது, துகளின் அளவு பூஜ்யம் என்று பெட்டி சிவப்பாகக் காட்டியது. உள்ளே ஒன்றும் இல்லாததால் ஒன்றும் இல்லை என்று சொன்னது. அந்தக் கட்டடத்தில் அன்று உண்மை பேசியது அது ஒன்றுதான்.

பிறகு மேடையில் ஜகதீசன் பேசினார். கன்னடத்தில் பேசினார்; தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நண்பர்களே, பழங்காலத்து மில்லுக்குக் குண்டு தேவைப்பட்டது. குண்டு சத்தம் போடும்; குண்டு தேயும். நம்முடையது மின்னணு மில். இதைக் குண்டே இல்லாமல் ஓட்டியிருக்கிறோம். இதைத் தயாரித்த வெளிநாட்டுக்காரனுக்குக்கூட இப்படி ஒரு யோசனை வரவில்லை. அடுத்தது, சரக்கு. சரக்கைப் போட்டு அரைப்பதில் என்ன பெருமை இருக்கிறது? அதை வீட்டில் பெண்களே செய்வார்கள். எங்கள் ஊழியர்கள் இரவு பகல் பாராமல் இந்த ஆராய்ச்சியைத் தங்கள் வாய்க்குள்ளேயே வைத்து நடத்தியிருக்கிறார்கள். இந்தக் கழகத்துக்குள் நுழைந்த எந்தச் சரக்கும் கரடுமுரடாக வெளியே போனது என்று யாராவது சொல்ல முடியுமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், போனதே இல்லை."

மந்திரி, தான் பார்த்த அரசாங்கத் திட்டங்களிலேயே இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கிற திட்டம் இதுதான் என்று பாராட்டினார்.

மாரிசாமியை மேடைக்கு அழைத்தார்கள். ரிப்பன் கட்டிய ஒரு தகர டப்பாவை மந்திரி அவன் கையில் கொடுத்தார். முன்வரிசையில் கணேசன் உட்கார்ந்திருந்தார். மாரிசாமி ஆசையோடு மூடியைத் திறந்து பார்த்தான். டப்பாவைச் சாய்த்துப் பார்த்தான். அடியில் தட்டிப் பார்த்தான்.  பக்கத்தில் மைக் இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

"சார், இதுல ஒண்ணுமே இல்லீங்களே சார்!"

அந்தக் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. ஜகதீசன் பாய்ந்து மைக்கைப் பிடித்தார்.

"கேட்டீர்களா? பயனாளி தன் வாயாலேயே சொல்கிறார்! கண்ணுக்கே தெரியவில்லையாம்! அவ்வளவு நைசு!"

பந்தலே அதிர்ந்தது. புகைப்படக்காரர், "சிரிங்க, சிரிங்க" என்றார். மாரிசாமிக்கு அழுகைதான் வந்தது. ஆனால் மந்திரி தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கும்போது யார்தான் அழ முடியும்? அவன் பல்லைக் காட்டினான். பளிச்சென்று விளக்கு வெட்டியது.

கூட்டம் கலைந்த பிறகு கணேசன் அவன் பக்கத்தில் வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், கோபப்படவில்லை.

"உம்மேல தப்பில்ல மாரிசாமி. ஆனா எங்கூரு சனம் கண்ணுக்குத் தெரியற பொடியத்தான் காசு குடுத்து வாங்கும். நான் அந்த ட்யூப் ஏஜென்சியவே எடுத்துக்கறன்."

அவர் போய்விட்டார். மாரிசாமி பண்டகசாலைக்கு ஓடினான். அன்னபூர்ணி சாக்கை மடித்து அவன் கையில் கொடுத்து, "ஜாக்கிரதையா எடுத்துண்டு போங்க, பொடி சிந்தப் போறது" என்றார்.

வீட்டுக்குப் போனான். மாரக்காள் டப்பாவையும் பார்த்தாள், சாக்கையும் பார்த்தாள். திட்டவில்லை. ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மறுநாள் காலையில் ஊதுபத்தி உருட்டும் வேலை கேட்டுப் போனாள். கடுக்காய் வாங்கவும் கிராம்பு வாங்கவும் கையில் ஒன்றும் இல்லாததால் மாரிசாமி தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனான். பல்பொடிக்காரன் மாரிசாமி என்று ஒரு ஆள் இருந்ததை அந்தச் சந்து சீக்கிரமே மறந்துவிட்டது. அதிகாரிகளின் பல் மட்டும் கொஞ்ச காலம் வெள்ளையாக இருந்தது.

தசரா முடிந்து ஒருநாள், மார்க்கெட்டில் மசாலாப்பொடி விற்கும் சென்னம்மா அவனைக் கூப்பிட்டாள். பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுகிறவள். புருஷன் இல்லாமல் மூன்று பெண்களை வைத்துக் காப்பாற்றுகிறவள். இடித்த மிளகாயும் தனியாவும் ஒரு பெரிய மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். பஸ்ஸில் கூட வந்து தூக்கிக் கொடு என்றாள். மாரிசாமி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினான். ஹெப்பாள் தாண்டியதும்தான் அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"எங்கம்மா போறீங்க?"

"கவர்ன்மெண்டு மில்லுக்கப்பா. சும்னே, காசில்லாம அரைச்சுக் குடுக்கறாங்களாம். மாவு மில்காரன் மொளகா அரைக்க மாட்டேங்கறானே."

"அம்மா, வேணாமுங்க. அவங்க அரைக்க மாட்டாங்க. எஞ் சரக்கு மொத்தமும் அங்கதான் போச்சு. திரும்பிப் போயிரலாமுங்க."

சென்னம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.  பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டுக்கு வந்ததும் விரலை நீட்டினாள். அங்கே ஆளுயரத்துக்கு ஒரு பலகை நின்றது. அதில் மந்திரியின் கையணைப்பில் கையில் டப்பாவோடு மாரிசாமி எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். எங்கள் சேவையால் உயர்ந்த ஒரு சிறுதொழிலதிபர் என்று கீழே எழுதியிருந்தது. பலகையைத் தாண்டி உள்ளே, மஞ்சள்காரர்களும் குங்குமக்காரர்களும் தூபப்பொடிக்காரர்களும் மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு எதிர்வரிசையில் அதிகாரிகள் டப்பாக்களோடு நின்றார்கள்.

"அதுல நீதானே? நீ மட்டும் அரைச்சுப் பணக்காரன் ஆவே. நான் வந்தா வேணாங்கறியா? என்ன ஆளப்பா நீ!"

"அது… போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னானுங்கம்மா."

"நடப்பா உள்ள!"

கரியப்பன் சிரித்த முகத்தோடு கேட்டைத் திறந்து பிடித்தான். அன்னபூர்ணி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மிளகாய் என்று தெரிந்ததும் உள்ளே யாருக்கோ குரல் கொடுத்தார். மாரிசாமி ஒரு நிமிஷம் தயங்கினான். மூட்டையை உள்ளே இறக்கிவிடலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றியது. பழைய பழக்கத்தில் மஞ்சுநாத் அதிலும் பல் தேய்த்துப் பார்ப்பாரல்லவா. நினைக்கவே இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மூட்டை சென்னம்மாவுடையது.

தலையில் இருந்த மூட்டையோடு அவன் அப்படியே திரும்பி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தான்.

"கள்ளா! கள்ளா! புடிங்கப்பா அவன!" என்று மாரில் அடித்துக்கொண்டு சென்னம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். கரியப்பனும் ஓடிவந்தான். மஞ்சுநாத் கையில் டப்பாவோடு வாசல் வரை வந்து, "ரீ மாரிசாமி, மாதிரி கொடுத்துட்டாவது போங்கரீ!" என்று கத்தினார். ஊருக்குத் திரும்பும் பஸ் ஒன்று நகரத் தொடங்கியிருந்தது. மாரிசாமி மூட்டையை உள்ளே தள்ளித் தானும் தொற்றிக்கொண்டான். சென்னம்மாவும் ஏறிவிட்டாள். மார்க்கெட் வரும்வரை அவன் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். அவன் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கடை வாசலில் இறக்கி வைத்தபோது, கட்டிய முடிச்சு கட்டியபடியே இருந்தது. அந்தக் கழகத்தின் வாசல் வரை போய், எடை குறையாமல் திரும்பி வந்த சரக்கு இன்றுவரை அது ஒன்றுதான்.

கூலி கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மார்க்கெட்டில் அவனைக் கண்டால் இப்போதும் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இவன்தான் அந்தக் கள்ளன்" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் காட்டுகிறாள்.  மாரிசாமி அவள் கடையில் மசாலாப்பொடி நிறைய இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு, தன் சுமையோடு கடந்து போகிறான்.